ஷகீல் பதாயூனி: தன் பெயரைப் பாட்டில் எழுதாத கவிஞர்

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டிலும் அதை ஒட்டிய வீதிகளிலும் கடை நடத்தும் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் பல உண்டு. அவர்களின் கடைகளிலும், நம் ஊரில் உருது பேசும் முஸ்லிம் வீடுகளிலும் பழைய இந்திப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. இந்தியில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத நம் தமிழ்க் குடும்பங்களிலும் அந்த மெட்டுகளை முணுமுணுப்பவர்களுக்குக் குறைவில்லை. பாடியவர் யார் என்று கேட்டால் முஹம்மது ரஃபி, லதா மங்கேஷ்கர் என்று உடனே பதில் வரும். இசை நௌஷாத் என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். எழுதியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

அந்த மௌனத்துக்குள் இருப்பவர்களில் ஒருவர் ஷகீல் பதாயூனி. 1947 முதல் 1970 வரை ஏறத்தாழ 90 படங்களுக்குப் பாட்டு எழுதியவர். 'பைஜூ பாவ்ரா', 'மதர் இந்தியா', 'முகலே ஆஸம்', 'சௌத்வீ கா சாந்த்' என்று இந்தியத் திரை வரலாற்றில் நிலைத்துவிட்ட படங்களின் சொற்கள் இவருடையவை. அவருடைய வாழ்க்கையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒரு விளக்கம். இசை குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. நாம் இங்கே பேசப்போவது மெட்டைப் பற்றி அல்ல, சொல்லைப் பற்றி. நல்ல கவிதையை மதிக்கும் வழக்கம் நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி) அவர்களின் கவிதையை நபி (ஸல்) அவர்கள் கேட்டு மகிழ்ந்த வரலாறு நமக்குத் தெரியும். தமிழில் உமறுப் புலவரையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் கொண்டாடும் நாம், உருதுவில் எழுதிய ஒரு கவிஞரின் சொல்லையும் காது கொடுத்துக் கேட்கலாம்.

பதாயூனில் ஒரு மார்க்கக் குடும்பம்

உத்தரப் பிரதேசத்தில் பதாயூன் என்றொரு பழைய ஊர் இருக்கிறது. டெல்லியில் அடங்கியிருக்கும் நிஜாமுத்தீன் அவுலியா (ரஹ்) அவர்கள் பிறந்த ஊர் அது. ஆலிம்களுக்கும் கவிஞர்களுக்கும் பெயர் பெற்ற அந்த ஊரில் 1916 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஷகீல் அஹ்மது பிறந்தார். பதாயூனி என்பது ஊர்ப் பெயர். நம்மிடையே காயல்பட்டினத்தார், கீழக்கரையார் என்று சொல்வது போலத்தான்.

தந்தை முஹம்மது ஜமால் அஹ்மது மார்க்கப் பற்று மிக்கவர். மகன் நல்ல நிலைக்கு வர வேண்டும் என்று வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்து அரபு, பாரசீகம், உருது, இந்தி ஆகிய நான்கு மொழிகளையும் படிக்க வைத்தார். அந்த வீட்டில் கவிதையே பரம்பரைத் தொழில் என்று சொல்ல முடியாது. ஆனால் தூரத்து உறவினரான ஜியாவுல் காதிரி மார்க்கக் கவிதைகள் எழுதுபவர். ஹம்தும் நஅத்தும் அந்தக் குடும்பத்தின் காதில் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தன. சிறுவன் ஷகீலின் காது பழகியது அந்தச் சொற்களில்தான்.

நான்கு மொழிகளையும் சிறு வயதில் கற்றது பின்னாளில் பெரிய பயன் தந்தது. அரபும் பாரசீகமும் அவருக்குச் சொல்லின் வேரைக் காட்டின. உருது கவிதையின் இலக்கணத்தைக் கொடுத்தது. இந்தியும், ஊரில் புழங்கிய கிராமத்துப் பேச்சும் சாதாரண மனிதனின் நாவைக் கொடுத்தன. இவற்றில் எது ஒன்று குறைந்திருந்தாலும் பிற்காலத்து ஷகீல் உருவாகியிருக்க மாட்டார்.

அலிகரும் டெல்லியும்

1936இல் அவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்து அலிகரில் முஷாயிரா என்ற கவியரங்கம் மாணவர் வாழ்க்கையின் ஒரு பகுதி. கல்லூரிகளுக்கு இடையிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலும் போட்டிகள் நடக்கும். ஷகீல் அவற்றில் அடிக்கடி பரிசு வென்றார். அங்கேயே ஹகீம் அப்துல் வஹீத் அஷ்க் பிஜ்னோரி என்பவரிடம் உருது யாப்பை முறையாகப் பயின்றார். உருது மரபில் உஸ்தாத் இல்லாமல் கவிஞராவது அரிது. எழுதியதை உஸ்தாதிடம் காட்டித் திருத்தம் பெறுவதை இஸ்லாஹ் என்பார்கள். தன் எழுத்தை இன்னொருவர் திருத்த ஒப்புக்கொள்ளும் அடக்கம் அந்தப் பயிற்சியில் வந்துவிடும். ஷகீலிடம் அது கடைசிவரை இருந்தது.

1940இல் திருமணம். மணமகள் சல்மா தூரத்து உறவு. ஒரே வளாகத்தில் வளர்ந்தவர்கள்தான் என்றாலும், குடும்பத்தின் பர்தா முறையால் திருமணத்துக்கு முன் இருவருக்கும் பெரிய பழக்கம் இல்லை.

பி.ஏ. முடித்ததும் டெல்லியில் சப்ளை ஆபீசராக அரசு வேலை கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. நிரந்தரச் சம்பளம் உள்ள வேலை எத்தனை பெரிய பாதுகாப்பு என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். பகலில் அலுவலகம், ஓய்வில் முஷாயிரா என்று ஷகீலின் நாட்கள் போயின. நாடெங்கும் கவியரங்குகளில் அவர் பெயர் பரவியது.

அந்த நாட்களில் உருதுக் கவிதையில் முற்போக்கு எழுத்தாளர் இயக்கம் வலுவாக இருந்தது. சாஹிர் லுதியான்வி, மஜ்ரூஹ் சுல்தான்பூரி, கைஃபி ஆஸ்மி போன்றோர் உழைப்பாளியின் துயரத்தையும் சமூக மாற்றத்தையும் பாடினார்கள். ஷகீல் அந்த அணியில் சேரவில்லை. அவர் பாடியது அன்பையும் பிரிவையும், மனித மனத்தின் சின்னச் சின்ன வலிகளையும்தான். காலத்துக்கு ஒவ்வாதவர் என்று சிலர் நினைத்திருக்கலாம். அவர் தன் குரலை மாற்றிக்கொள்ளவில்லை.

பம்பாயில் ஓர் ஈரடி

1944இல் அரசு வேலையை விட்டுவிட்டு பம்பாய்க்குப் போனார். அங்கே தயாரிப்பாளர் ஏ.ஆர். கர்தாரையும் இசையமைப்பாளர் நௌஷாத் அலியையும் சந்தித்தார். உங்கள் கவித்திறனை ஒரே வரியில் சொல்லுங்கள் என்று நௌஷாத் கேட்டதாகவும், ஷகீல் யோசிக்காமல் துயரத்தையும் அன்பையும் பற்றிய ஓர் ஈரடியை அங்கேயே சொன்னதாகவும் திரையுலகில் சொல்வார்கள். நௌஷாத் அப்போதே அவரைத் தேர்ந்தெடுத்தார்.

படம் 'தர்த்', 1947இல் வெளியானது. தர்த் என்றால் வலி. அதில் உமா தேவி என்ற புதிய பாடகி பாடிய பாட்டு நாடெங்கும் பரவியது. அந்த உமா தேவிதான் பின்னாளில் டுன் டுன் என்ற பெயரில் நகைச்சுவை நடிகையாகப் புகழ்பெற்றவர். முதல் படத்திலேயே இவ்வளவு பெரிய வெற்றி எந்தக் கவிஞருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. அதன்பின் 'மேளா' (1948), 'துலாரி' (1949), 'தீதார்' (1951) என்று ஷகீலும் நௌஷாதும் இணைபிரியாமல் பணிபுரிந்தார்கள். அந்த நட்பு இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கஸல் என்ற உருதுக் கவிதை வடிவத்தில் ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்கும். ஒவ்வோர் ஈரடியின் இறுதியிலும் ஒரே சொல்லோ சொற்றொடரோ திரும்ப வரும். அதை ரதீஃப் என்பார்கள். அதற்கு முன்னால் ஓசை ஒத்த சொல் வரும். அது காஃபியா. தமிழில் எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் வருகிறது என்றால், உருதுவில் அந்த அழகு அடியின் கடைசிக்குப் போய்விடுகிறது. நம் இயைபுத் தொடைக்கு நெருங்கியது அது. கஸலின் கடைசி ஈரடிக்கு மக்தா என்று பெயர். அதில்தான் கவிஞர் தன் புனைபெயரைப் பதித்துவிடுவார். அதுவே அவருடைய கையெழுத்து.

திரைப்பாட்டில் அந்தக் கையெழுத்துக்கு இடமில்லை. பாடுவது கதையில் வரும் ஒரு பெண்ணோ, ஒரு விவசாயியோ, ஒரு மன்னனின் மகனோ. அவர்கள் வாயில் ஷகீல் என்ற பெயர் எப்படி வரும்? முஷாயிரா மேடையிலிருந்து திரைக்கு வந்த ஒவ்வோர் உருதுக் கவிஞரும் விட்டுக்கொடுத்த முதல் பொருள் தன் பெயர்தான். இன்று பாட்டைத் தெரிந்த நமக்கு எழுதியவரைத் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேகம் அக்தர் பாடிப் புகழ்பெற்ற ஒரு கஸல் ஷகீலுடையது. பம்பாயிலிருந்து புறப்பட்ட ரயிலில் இருந்த பேகம் அக்தரிடம் ஷகீல் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அந்தக் கஸலின் கடைசி ஈரடியில் அவர் பெயர் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் எழுதியவரை மறக்க முடியாது. திரைப்பாட்டைக் கேட்பவர்கள்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

வேறொருவரின் நாவில் பேசுவது

1952இல் வெளியான 'பைஜூ பாவ்ரா' அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம். இயக்குநர் விஜய் பட். இசைக்கலைஞர் ஒருவரின் கதை, பக்திப் பாடல்கள் நிறைந்த படம். அதற்குக் கவி பிரதீப்பை எழுத வைக்கவே இயக்குநர் எண்ணியிருந்தார். உருதுக் கவிஞரான ஷகீலுக்கு அந்த மொழி வருமா என்ற தயக்கம் இயல்பானதே. ஷகீல் எழுதியதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று நௌஷாத் வேண்டிக்கொண்டார். கேட்ட பிறகு இயக்குநர் மறுக்கவில்லை.

அந்தப் படத்தில் மால்கௌன்ஸ் ராகத்தில் அமைந்த பஜனை இந்தியாவின் மிகச் சிறந்த பக்தித் திரைப்பாடல்களில் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. எழுதியவர் ஷகீல், இசை நௌஷாத், பாடியவர் முஹம்மது ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். அதில் உருதுவின் சாயலே இல்லாமல் வட இந்தியப் பக்திக் கவிஞர்களின் எளிய மொழியில் ஷகீல் எழுதியிருந்தார்.

இதைப் படிக்கும் நம்மில் சிலருக்குத் தயக்கம் வரலாம். அது புரிகிறது. ஆனால் கதைமாந்தரின் வாயில் வைக்கும் சொல் வேறு, எழுதியவரின் ஈமான் வேறு. அதே ஷகீல் எட்டு ஆண்டுகள் கழித்து 'முகலே ஆஸம்' படத்தில், சிறையில் வாடும் அனார்கலி மதீனாவின் தலைவரை (ஸல்) நினைத்துக் கருணை வேண்டி உருகும் பாட்டை எழுதினார். வீட்டில் சிறு வயதில் கேட்ட நஅத்தின் மணம் அதில் அப்படியே வீசுகிறது. தன்னுடையதை இழந்தவரால் அப்படி எழுத முடியாது. அண்டை வீட்டாரின் மொழியை அறியாதவரால் அந்தப் பஜனையையும் எழுத முடியாது. 1997, 1998ஆம் ஆண்டுகளின் காயத்தை எளிதில் மறக்க முடியாத ஊர் நம்முடையது. தன்னிடத்தில் உறுதியாக நின்றுகொண்டே அடுத்தவரின் மனத்தை அவர் மொழியில் பேசத் தெரிந்த ஒருவரை அறிவது கோவை மக்களாகிய நமக்கு வெறும் சினிமாச் செய்தி அல்ல.

'மதர் இந்தியா' (1957) படத்தில் அவர் கிராமத்துப் பெண்ணின் மொழிக்குப் போனார். வண்டி ஓட்டம், அறுவடை, மகளை மணமுடித்து அனுப்பும் கண்ணீர் என்று அந்தப் பாடல்களில் படிப்பறிவின் பகட்டே இருக்காது. ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் இந்தியப் படம் அது. 'கங்கா ஜமுனா' (1961) படத்தில் இன்னும் ஒரு படி இறங்கி, அவத், போஜ்புரி வட்டாரப் பேச்சிலேயே எழுதினார். அலிகரில் படித்து, பாரசீகம் தெரிந்த ஒருவர் தன் புலமையை மறைத்துக்கொண்டு ஏர் பிடிப்பவனின் நாவில் பேசினார். கற்றதைக் காட்டுவது எளிது. கற்றதை மறைத்து எழுதுவதுதான் கடினம்.

ஒரு பாட்டுக்கு ஓர் இரவு

1960 ஆகஸ்டில் வெளியான 'முகலே ஆஸம்' கே. ஆசிஃப் பல்லாண்டுகள் உழைத்து எடுத்த படம். அதில் கண்ணாடி மாளிகையில் அனார்கலி பேரரசர் அக்பரின் முன்னால் அஞ்சாமல் நின்று பாடும் பாட்டைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பாட்டுக்காக நௌஷாதும் ஷகீலும் ஓர் அறைக்குள் கதவை அடைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்றும், நூறு முறைக்கு மேல் எழுதி அடித்துத் திருத்திய பிறகே முடிவானது என்றும் சொல்வார்கள். கடைசியில் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் ஒரு நாட்டுப்புறப் பாட்டின் சாயலில் அது பிறந்தது.

நூறு முறை என்பது கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கட்டும். முடிவில் வந்த சொற்களைப் பாருங்கள். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. காதலித்தேன், திருடவில்லை, பின் ஏன் அஞ்ச வேண்டும் என்ற ஒரு நேரான கேள்விதான் அதன் உயிர். எளிமை என்பது முதல் முயற்சியில் கிடைப்பதல்ல, பல முயற்சிகளுக்குப் பிறகு மிஞ்சுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. அலிகரில் உஸ்தாதிடம் திருத்தம் பெற்ற மாணவனின் பழக்கம் புகழின் உச்சியிலும் மாறவில்லை.

அதே ஆண்டில் குரு தத் தயாரித்த 'சௌத்வீ கா சாந்த்' வெளியானது. லக்னோவின் முஸ்லிம் குடும்பங்களைப் பற்றிய கதை. பதினான்காம் இரவின் நிலவு என்பது பெயரின் பொருள். பிறைக்கணக்கில் வாழும் நமக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. இசையமைப்பாளர் ரவி. அந்தப் பாட்டுக்காக ஷகீலுக்கு 1961இல் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. பாடிய ரஃபிக்கும் கிடைத்தது. பாடலாசிரியருக்கான அந்த விருதே 1959இல்தான் தொடங்கியது. 1962இல் 'கரானா', 1963இல் ஹேமந்த் குமார் இசையமைத்த 'பீஸ் சால் பாத்' என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஷகீலே அதைப் பெற்றார்.

சென்னையும் கொங்கும்

ஷகீல் நமக்குத் தொலைவில் இருந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே சொன்ன 'கரானா' பம்பாய்ப் படமல்ல, சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் எடுத்தது. அவருடைய மூன்று விருதுகளில் ஒன்று தமிழ்நாட்டுத் தயாரிப்பால் வந்தது. நாகி ரெட்டி தயாரித்த 'ராம் அவுர் ஷியாம்' (1967) படத்துக்கும் அவரே எழுதினார். தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் கதைதான் அது.

இன்னும் நெருக்கமான தொடர்பு ஒன்று உண்டு. வில்லன் சிரிப்புக்குப் புகழ்பெற்ற பி.எஸ். வீரப்பா நம் கொங்கு மண்ணின் காங்கேயத்தில் பிறந்தவர். அவர் தயாரித்த 'ஆலயமணி' தமிழில் பெரும் வெற்றி பெற்றது. அதை இந்தியில் 'ஆத்மி' என்று 1968இல் அவரே தயாரித்தார். இயக்கம் பீம்சிங், நடிப்பு திலீப் குமார், இசை நௌஷாத், பாடல்கள் ஷகீல் பதாயூனி. பதாயூனில் பிறந்த கவிஞரின் கடைசிக் காலப் படங்களில் ஒன்று காங்கேயத்துக்காரரின் தயாரிப்பு.

இந்திப் படமே நம் கோவையில் எடுக்கப்பட்டதும் உண்டு. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ 'மலைக்கள்ளன்' கதையை 'ஆசாத்' என்ற பெயரில் 1955இல் இந்தியில் வெளியிட்டது. அதில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். அதற்குப் பாடல் எழுதியவர் ராஜேந்திர கிருஷ்ணன்.

ஷகீலின் பாடல்கள் தமிழுக்கும் வந்தன. 'உடன் கட்டோலா' படம் 'வானரதம்' என்ற பெயரில் தமிழ் பேசியபோது, கவிஞர் கம்பதாசன் அந்த மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் எழுதினார். லதா மங்கேஷ்கர் அவற்றைத் தமிழில் பாடினார். கம்பதாசனும் ஷகீல் பிறந்த அதே 1916இல் பிறந்தவர். வாயசைப்புக்கும் மெட்டுக்கும் பொருந்த, பொருளும் சிதையாமல் எழுத வேண்டிய அந்த வேலையின் சிரமம் எழுதியவர்களுக்குத்தான் தெரியும். அவருடைய பெயரும் இன்று அதிகம் பேசப்படுவதில்லை.

அந்தக் காலத்தில் பாட்டு நம் வீடுகளுக்கு வந்தது வானொலி வழியாக. 1952 முதல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் குறைக்கப்பட்டது. மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. நம் நன்னா, நன்னி காலத்துக்காரர்கள் பலர் இந்தி தெரியாமலே அந்தப் பாடல்களை மனப்பாடம் செய்தது இப்படித்தான்.

நோயும் நட்பும்

புகழின் உச்சியில் இருந்தபோதே ஷகீலைக் காசநோய் பிடித்தது. நீரிழிவும் சேர்ந்துகொண்டது. பஞ்ச்கனி மலையிலுள்ள மருத்துவ இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. திரையுலகில் வேலை செய்தால்தான் வருமானம். படுத்துவிட்டால் நின்றுபோகும். அவருடைய பொருளாதார நிலை இறங்கத் தொடங்கியது.

அப்போது நௌஷாத் செய்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் நண்பனின் கையில் பணத்தை வைத்துவிட்டுத் திரும்பவில்லை. மூன்று படங்களுக்கான வேலையைப் பஞ்ச்கனிக்கே எடுத்துச் சென்றார். நோயாளியின் படுக்கை அருகில் பாட்டுகள் எழுதப்பட்டன. அதற்கு வழக்கமான ஊதியத்தைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு ஷகீலுக்குக் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார். உதவி பெறுகிறோம் என்ற கூச்சம் நண்பனுக்கு வரவில்லை. உழைத்துப் பெற்ற ஹலாலான கூலியாகவே அது போய்ச் சேர்ந்தது. கொடுப்பவரின் கையை மறைத்துக் கொடுப்பது என்று நாம் பயான்களில் கேட்பதற்கு இது வாழ்க்கையிலிருந்து ஒரு சான்று.

நௌஷாத், ரவி, ரஃபி ஆகியோரோடு ஷகீலுக்கு இருந்த நட்பு வேலையோடு நின்றுவிடவில்லை. ஒன்றாகப் பேட்மின்டன் ஆடுவார்கள், பட்டம் விடுவார்கள், வேட்டைக்குப் போவார்கள். பட்டம் விடும் போட்டிக்கு நகைச்சுவை நடிகர் ஜானி வாக்கரும் வந்து சேர்வாராம். துயரத்தைப் பாடியவர் தன் நாட்களைத் துயரமாகக் கழிக்கவில்லை.

1970 ஏப்ரல் 20ஆம் நாள் பம்பாய் மருத்துவமனையில் ஷகீல் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 53. மனைவியும் மக்களும் இருந்தார்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்து அவர் நினைவாக ஓர் அறக்கட்டளை தொடங்கி, குடும்பத்துக்கு உதவும் வருமானத்துக்கு வழி செய்தார்கள். 2013 மே 3ஆம் நாள் இந்திய அரசு அவர் முகம் பதித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

நாம் எப்படிக் கேட்பது?

இந்தி தெரியாத நாம் இந்தக் கவிதையை எப்படி ரசிப்பது என்ற கேள்வி வரும். உண்மையில் பாதிச் சாவி நம் கையிலேயே இருக்கிறது. இந்திப் பாட்டு என்று நாம் சொல்லும் பழைய பாடல்களில் பெரும்பகுதி உருதுதான். அந்த உருதுவின் சொற்களில் பல நம் வீட்டு அன்றாடச் சொற்கள். துஆ, துன்யா, நஸீபு, ஸப்ர், நூர், ஹயாத், இன்சான், ரூஹ், ஜன்னத் ஆகியவற்றை நாம் எந்த அகராதியிலும் தேட வேண்டியதில்லை. ஒரு பாட்டில் இப்படி நான்கைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பொருள் திறந்துவிடும்.

மீதிப் பாதிக்கு வீட்டிலேயே ஆள் இருக்கலாம். கோவையில் உருது பேசும் குடும்பங்கள் நம் பக்கத்துத் தெருவில்தான் இருக்கின்றன. அவர்களின் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து, ஒரே ஒரு பாட்டை வரி வரியாகப் பொருள் கேட்டுப் பாருங்கள். எந்தச் சொல் ஒவ்வோர் ஈரடியின் கடைசியிலும் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் அதன் பொருள் எப்படிக் கொஞ்சம் நகர்கிறது என்று கவனியுங்கள். பாடுவது யார், அவர் யாரிடம் பேசுகிறார், ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். உருது அறிந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. உருது வீடுகளிலேயே பிள்ளைகளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாத நிலை பரவிவருகிறது. இந்த உட்காருதலைத் தள்ளிப்போட நமக்கு அதிகக் காலம் இல்லை.

மெட்டு நினைவில் நிற்கிறது, குரல் நினைவில் நிற்கிறது. சொல்லும் நின்றிருக்கிறது, சொன்னவர் மட்டும் மறைந்துவிட்டார். பிறருடைய நாவில் பேசுவதற்காகத் தன் பெயரை ஒதுக்கிவைத்த கவிஞருக்கு, கேட்பவர்கள் செய்யக்கூடிய நன்றி ஒன்றுதான். அடுத்த முறை அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, இதை எழுதியவர் ஷகீல் பதாயூனி என்று அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, நன்மைகளை ஏற்று, அவருடைய கப்ரை ஒளிமிக்கதாக ஆக்குவானாக. ஆமீன்.